சிப்பிக் குழாயின் இரட்டைக் கொம்பு

தமிழில் ஒரு பிழையைக் கண்டால் போதும், என் வீட்டுக்காரர் ஜோசியாவுக்குப் பல்வலி வந்ததுபோல் முகம் சுருங்கிவிடும். செகந்திராபாத்தில் பிறந்து, இங்கேயே படித்து, ராணுவக் கட்டட வேலைகளைப் பார்க்கும் அலுவலகத்தில் முப்பத்தாறு வருடம் வரைபடம் போட்டு ஓய்வு பெற்ற மனிதருக்கு இவ்வளவு தமிழ் எதற்கு என்று நானே கேட்டிருக்கிறேன். என் மாமனார் வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். ஆறு பிள்ளைகளையும் சாயங்காலம் வரிசையாக உட்காரவைத்துத் தமிழ் எழுதவைப்பாராம். ஐந்து பேர் தப்பித்துவிட்டார்கள். மாட்டிக்கொண்டது இவர் ஒருவர்தான்.

ஆலயத்தில் வேதபாடம் வாசிப்பவர் இவர்தான். வாசிப்பு கேட்க அவ்வளவு நன்றாக இருக்கும், அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் ஆராதனை முடிந்து எல்லோரும் போதகருக்குக் கைகொடுத்துவிட்டுப் போகும்போது, இவர் மட்டும் அந்தக் கையைப் பிடித்தபடியே, பிரசங்கத்தில் எந்த வார்த்தை தப்பு என்று காதோடு சொல்லிவிட்டு வருவார். பின்னால் வரிசையில் நிற்கிற நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

எங்கள் மாரெட்பள்ளி வீட்டுக்கு எதிர்வீடு நாராயணஸ்வாமியுடையது. பாதுகாப்புத் துறை ஆராய்ச்சிக் கூடத்தில் பெரிய உத்தியோகம் பார்த்தவர், தங்கமான மனிதர். மகள் மாதங்கியின் கல்யாணத்துக்குத் தானே நேரில் வந்து, தாம்பாளத்தில் வைத்து அழைப்பிதழ் கொடுத்தார். 'திருமண பத்திரிகை' என்று அச்சாகியிருந்தது. இவர் சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, அவர் கண்ணெதிரிலேயே நடுவில் ஒற்றெழுத்தாக ஒரு 'ப்' போட்டு, "ஒத்து விட்டுப்போச்சு சார்" என்று திருப்பிக் கொடுத்தார். நாராயணஸ்வாமி எழுந்து போனார். கல்யாணத்துக்குப் போனோம், சாப்பிட்டோம், அட்சதை போட்டோம். ஆனால் அதன்பின் ஒரு வருடம் அவர் எங்கள் வாசல் பக்கம் திரும்பவில்லை. உங்கள் வீட்டுக்காரருக்கு என்ன, தலையில் கொம்பா முளைத்திருக்கிறது என்று நாராயணஸ்வாமியின் மனைவி ரமா என்னிடமே கேட்டார். இருக்கிறது என்றுதான் நானும் சொன்னேன்.

அந்தக் கொம்பு இறங்கிய கதையைத்தான் சொல்ல வந்தேன்.

மாரெட்பள்ளியிலிருந்து திருமுல்கேரி போகும் சாலை பிரிகிற முனையில் ஒரு கல் நீரூற்று உண்டு. நடுவில் இரண்டு ஆள் உயரத் தூண், அதைச் சுற்றிச் சிப்பி வடிவத்தில் நான்கு தொட்டிகள். எல்லோருக்கும் அது சிப்பிக் குழாய்தான். 1872இல் ராணுவத்தோடு வந்து இங்கே கூடாரம் போட்டிருந்த நம் சமையல்காரர்கள், தையற்காரர்கள், வண்டிக்காரர்களிடையே காலரா வந்தபோது, ஹாரியட் என்கிற ஒரு வெள்ளைக்கார அம்மாள் கூடாரம் கூடாரமாகப் போய் நல்ல தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தாராம். கடைசியில் அதே காலராவில் அவரும் இறந்துபோனார். மறுவருடம் அந்த ஜனங்கள் தங்களுக்குள் பணம் திரட்டி அவர் நினைவாகக் கட்டியது இது. தூணின் ஒரு பக்கம் ஆங்கிலத்தில் அவர் பேரும் இறந்த தேதியும் மட்டும். இன்னொரு பக்கம் உருது இருந்தது, அந்தக் கல் எப்போதோ லாரி இடித்து உடைந்துபோயிற்று. மூன்றாவது பக்கம் தமிழ்.

1986இல் அந்த நீரூற்றைப் பழுது பார்க்கும் வேலை இவர் அலுவலகத்துக்கு வந்தது. பல வருடம் உடைந்து கிடந்தது அது. குழாய்க்கு வரைபடம் போட்டவர் இவர். அதோடு விட்டாரா? தமிழ்க் கல்லைப் பார்த்துவிட்டு, எழுத்துக்கு நானே சாயம் பூசுகிறேன் என்று ஏணியும் தூரிகையுமாகக் கிளம்பிவிட்டார். அந்தக் காலத்துக் கல்லில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. 'கொ' என்றாலும் 'கோ' என்றாலும் ஒற்றைக் கொம்புதான் வெட்டியிருப்பார்கள். படிக்கிறவர்தான் இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். இவர் வெறும் சாயம் பூசாமல், இந்தக் காலத்துப் பிள்ளைகளும் படிக்கட்டும் என்று புள்ளி இல்லாத இடத்தில் புள்ளி வைத்து, ஒற்றைக் கொம்பை வேண்டிய இடத்தில் இரட்டைக் கொம்பாக்கி, நான்கு நாள் உட்கார்ந்து பளிச்சென்று எழுதி முடித்தார்: 'கோடைத் தண்ணீர் யாவர்க்கும்.' அலுவலகக் கோப்புக்கு ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து எழுதி, கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

கோடைத் தண்ணீர் என்று கல்லிலேயே இருக்கிறது, கோப்பிலும் இருக்கிறது. அதனால் அந்த வருடத்திலிருந்து மார்ச் மாதம் வால்வைத் திறந்து ஜூன் கடைசியில் மூடிவிடுவார்கள். மற்ற எட்டு மாதமும் சிப்பிகளில் காய்ந்த இலையும் பான் எச்சிலும்தான். கோடைக்குத் தண்ணீர்ப் பந்தல் போடுவது நம் ஜனங்களின் வழக்கந்தானே, அந்த மாதிரி ஏதோ என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

அவர் 1998இல் ஓய்வு பெற்றார். அடுத்த வருடம் ஆலயத்தின் பழைய பதிவேடுகளை ஒழுங்குபடுத்துகிறேன் என்று இரண்டு மாதம் அங்கேயே கிடந்தார். ஒருநாள் அங்கிருந்து வந்தவர் மறுநாளிலிருந்து போகவில்லை. தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்றார். அத்தோடு இன்னொன்றும் ஆரம்பித்தது. ஆலயத்துக்குப் போகும் நேர்வழி சிப்பிக் குழாய் வழியாகத்தான். அதை விட்டுவிட்டு, பின்னால் பள்ளிக்கூடத்தைச் சுற்றிக்கொண்டு போகிற வழியைப் பிடித்தார். கேட்டால் நடை நல்லது, டாக்டர் சொன்னார் என்பார். எந்த டாக்டர் என்று கேட்டால் பேச்சை மாற்றுவார். எனக்கு முழங்கால் வலி அப்போதே உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை அந்த வெயிலில் அவர் பின்னால் நொண்டிக்கொண்டு போவேன். திரும்பி வந்து வாசற்படி ஏறியதும் முதல் வார்த்தை, "ரோசி, தண்ணி." ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடிப்பார். போகப் போக, அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே என் கை தானாகச் சொம்பைத் தேடும்.

எங்கள் மகள் சாரா 2000இல் மாதாப்பூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்தாள். கம்பெனி பஸ் நிற்பது சிப்பிக் குழாய் முனையில். இவர் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவார், ஆனால் அந்த முனையில் நிறுத்த மாட்டார். அடுத்த நிறுத்தத்தில்தான் இறக்கிவிடுவார். இங்கேயே இறங்கிக்கொள்கிறேன் என்று அவள் ஆங்கிலத்தில் கத்தினாலும், "நக்கோ அப்பா, நக்கோ" என்று இந்த ஊர் உருதுவில் வேண்டாமென்று கெஞ்சினாலும் வண்டி நிற்காது. இந்த மனிதருக்கு வயதாகிக் குணம் கோணலாகிவிட்டது என்று நானும் அவளும் முடிவு கட்டிவிட்டோம்.

2008 ஜூலையில் அந்த முனையில் ஒரு அறிவிப்புப் பலகை வைத்தார்கள். கம்பெனி பஸ்களும் கார்களும் பெருகிப்போய்க் காலையில் அந்த இடத்தைக் கடக்கவே முடியவில்லை. சாலையை அகலமாக்கப் போகிறார்கள், சிப்பிக் குழாயை இடிக்கப் போகிறார்கள், ஆட்சேபம் இருப்பவர்கள் ஆகஸ்டில் கூட்டத்துக்கு வந்து சொல்லலாம். 1873இல் நீரூற்றுக்கு இடம் கொடுத்தபோதே ராணுவத்தார் ஒரு நிபந்தனை எழுதியிருந்தார்கள். கல்லில் சொல்லியிருக்கிறபடி தண்ணீர் தேவைப்படுகிறவரை அந்தக் கட்டடத்தைத் தொடக்கூடாது. ஆனால் கல்லில் இருப்பது கோடைத் தண்ணீர்தானே? நான்கு மாதத்துக்கு ஒரு சாமியானாவைப் போட்டு இரண்டு பிளாஸ்டிக் டிரம் வைத்தால் நிபந்தனை நிறைவேறிவிடும், கட்டடம் எதற்கு என்று வேலையைப் பார்க்கிற பொறியாளர் வேணுகோபால் எழுதிவிட்டார். அவர் பேரில் தப்பில்லை. கோப்பில் இருந்ததைத்தான் அவர் எழுதினார்.

இவர் அந்தச் செய்தியைப் பேப்பரில் படித்துவிட்டு, பேப்பரை நான்காக மடித்து மெத்தைக்கு அடியில் வைத்தார். ஏன் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அந்த வாரம் ஆலயத்தில் பீடத்தைப் பூவால் அலங்கரிக்கும் முறை என்னுடையது. சிப்பிக் குழாயடியில் இருபது வருடமாகப் பூ விற்கிறவள் அன்னக்கிளி, சேலத்துக்காரி. சனிக்கிழமை காலை, பூக்கட்டைத் தூக்க ஆள் வேண்டும் என்று இவரை விடாப்பிடியாக இழுத்துக்கொண்டு போனேன். ஒன்பது வருடத்துக்குப் பிறகு அவர் அந்த முனையில் கால் வைத்தார். அன்னக்கிளி வீட்டிலிருந்து குடத்தில் தூக்கி வந்த தண்ணீரைப் பூவின் மேல் தெளித்துக்கொண்டிருந்தாள். இவரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"சார், நீங்கதானே இந்த எழுத்துக்குக் கலர் அடிச்சீங்க? ஒண்ணு கேக்கணும். அந்தம்மா செத்தது ஆகஸ்டு மாசம்னு நம்ம சாரா பாப்பா இங்கிலீஷ்ல படிச்சுச் சொல்லுச்சு. காலரா மழை பேஞ்சா வர்றது. அப்புறம் எதுக்கு சார் கோடையில மட்டும் தண்ணி?"

இவர் பூக்கட்டை வாங்கிக்கொண்டு மடமடவென்று நடக்க ஆரம்பித்துவிட்டார்.

மத்தியானம் சாப்பிட வரவில்லை. போய்ப் பார்த்தால் அறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஸ்வெட்டர் வைக்கிற பெட்டி திறந்திருந்தது. கையில் ஒரு பழைய நோட்டு, ஓரமெல்லாம் பூச்சி அரித்தது. ஆலயத்து நோட்டு. 1873இல் சபை கூடிப் பேசியதை யாரோ தமிழில் எழுதி வைத்திருந்தார்கள். ஒரு வரியில் விரலை வைத்துக் காட்டினார். நோட்டிலும் புள்ளி இல்லை, கொம்பும் ஒற்றைக் கொம்புதான். அவரே வாசித்தார். ஆரியட்டம்மாள் பேரில் கொடைத் தண்ணீர், வருஷம் பன்னிரண்டு மாதமும் ஓட வேண்டியது.

"கோடை இல்ல ரோசி. கொடை," என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பு வந்துவிட்டது, அடக்க முடியவில்லை. 1986இல் அவர் சாயம் பூசியது ஏப்ரல் மாதம், நாற்பத்திரண்டு டிகிரி வெயில். ஏணி மேல் தொண்டை வறண்டு நின்றவருக்கு 'கோடை'தான் தோன்றியிருக்கிறது. ஊரிலுள்ள அத்தனை பேர் தமிழையும் திருத்தியவர், இல்லாத ஒரு இரட்டைக் கொம்பைப் போட்டுவிட்டார். போட்டதில் இருபத்திரண்டு வருடம், வருடத்துக்கு எட்டு மாதம் தண்ணீர் நின்றுவிட்டது. இது 1999இலேயே, அந்த நோட்டைப் பார்த்த அன்றே அவருக்குத் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை. ஆலயத்துச் சொத்தைத் திருட்டுத்தனமாகக் கொண்டுவந்து என் ஸ்வெட்டருக்கு அடியில் ஒளித்துவைத்திருக்கிறார்.

சிரிப்பு அடங்கியதும் கோபம் வந்தது. ஒன்பது வருடம் என் முழங்காலைச் சுற்றுவழியில் இழுத்தடித்தது இதற்காகவா என்று நன்றாகக் கேட்டுவிட்டேன். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. எத்தனையோ தடவை சொல்லப் போனேன், ஒவ்வொரு தடவையும் அந்தச் சிவப்புப் பேனா ஞாபகம் வந்துவிடும் என்றார். கூட்டத்துக்கு நாராயணஸ்வாமி வருவார், போதகர் வருவார், இத்தனை நாள் தான் திருத்திய ஒவ்வொருவரும் வருவார்கள். இனி எந்த முகத்தோடு வேதபாடம் வாசிக்க எழுந்து நிற்பது? ஆனால் பேசாமல் இருந்தால் இடித்துவிடுவார்கள், அந்தப் பாவமும் தன் தலையில்தான். அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது, என் கோபமெல்லாம் போய்விட்டது.

"கல்லுல இருக்கிற கொம்பு கெடக்கட்டும்," என்றேன். "மொதல்ல உங்க தலையில இருக்கிறதை எறக்கி வையுங்க. சாப்பிட வாங்க."

ஆகஸ்ட் கூட்டம் ஒரு சமூகக் கூடத்தில் நடந்தது. சாரா லீவு போட்டுவிட்டு வந்தாள். அன்னக்கிளியும் ஆட்டோக்காரர்கள் பத்துப் பேரும் பின்னால் நின்றார்கள். மூன்றாவது வரிசையில் நாராயணஸ்வாமி, பக்கத்தில் போதகர். வேணுகோபால் தெலுங்கிலும் ஆங்கிலத்திலுமாக விஷயத்தை விளக்கி, கோப்பைப் பிரித்துத் தமிழ்க் கல்லின் மொழிபெயர்ப்பை வாசித்தார். கீழே கையெழுத்துப் போட்டிருப்பவர் பெயரையும் வாசித்தார். கூட்டத்தில் பாதிப் பேர் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். தமிழ் தெரிந்த பெரியவர், அவரே சொல்லியாயிற்று என்கிற மரியாதைப் பார்வை அது.

இவர் எழுந்தார்.

"அந்தக் கையெழுத்து என்னோடதுதான்," என்று தெலுங்கில் சொன்னார். பிறகு என்ன தோன்றியதோ, தமிழுக்கு வந்துவிட்டார். "ஆனா கல்லுல இருக்கிறது கோடை இல்ல. கொடை. கல்லு வெட்டினவர் சரியாத்தான் வெட்டியிருக்கார். தப்பா படிச்சது நான். படிச்சது தப்புன்னு தெரிஞ்சும் ஒன்பது வருஷம் வாயை மூடிக்கிட்டு இருந்ததும் நான்தான்."

சாரா அதை ஆங்கிலத்தில் சொன்னாள். இவர் நோட்டைக் கொண்டுபோய் மேசை மேல் வைத்து, பன்னிரண்டு மாதம் என்ற வரியைக் காட்டினார். ஆலயத்துக்குச் சொந்தமான நோட்டு, அனுமதியில்லாமல் எடுத்தேன் என்பதையும் விடாமல் சொன்னார். இறந்த தேதியைப் பாருங்கள், ஆகஸ்ட் மாதம் எந்த ஊர்க் கோடை என்று அன்னக்கிளி பின்னாலிருந்து கேட்டதை ஒரு ஆட்டோக்காரர் உருதுவில் எடுத்துச் சொன்னார். "ஹவ், ஹவ்," ஆமாம் ஆமாம் என்று நாலு பேர் தலையாட்டினார்கள்.

அப்போதுதான் நாராயணஸ்வாமி எழுந்தார். எனக்கு உயிரே போய்விட்டது. வாங்கியதையெல்லாம் இன்றைக்குத் திருப்பிக் கொடுக்கப் போகிறார், கொடுக்கட்டும், கொடுப்பதற்கு அவருக்கு உரிமையும் இருக்கிறது என்று கர்த்தரை நினைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன்.

"என் பொண் கல்யாணப் பத்திரிகையிலே ஒத்து விட்டுப்போச்சுன்னு சொன்னார்," என்றார் நாராயணஸ்வாமி. "இன்னிக்கு அவரே ஒத்துண்டுட்டார். கணக்கு சரியாப் போச்சு, ஜோசியா சார்."

தமிழ் தெரிந்தவர்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். போதகர்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார், அவருக்கும் எத்தனை வருடப் பாக்கியோ. கண்ணைத் திறந்து பார்த்தேன். என் வீட்டுக்காரரும் சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணில் தண்ணீர் வழிய வழிய. நாராயணஸ்வாமி அத்தோடு உட்காரவில்லை. வேணுகோபால் பக்கம் திரும்பி, இந்த மனிதர் ஒரு புள்ளியைக்கூட விட்டுக்கொடுக்காதவர், அவர் தன் பேரிலேயே பிழை சொல்கிறார் என்றால் அதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

வேணுகோபால் தப்பான மொழிபெயர்ப்பைத் திரும்பப் பெறுவதாக இவரிடம் எழுதி வாங்கிக்கொண்டார். பன்னிரண்டு மாதத் தண்ணீர் என்றால் சாமியானா சரிப்படாது, சாலையை எதிர்ப்பக்கம் அரசாங்கக் காலி மனை வழியாகப் பத்தடி வளைக்க முடியுமா என்று மேலே கேட்டுப் பார்க்கிறேன் என்றார். உறுதியாக ஒன்றும் சொல்லவில்லை. ஐந்து வாரம் காத்திருந்தோம். அந்த ஐந்து வாரமும் நான் தூங்கினேனோ இல்லையோ, அவர் குறட்டை விட்டுத் தூங்கினார். செப்டம்பர் கடைசியில் கடிதம் வந்தது. சாலை வளையும், சிப்பிக் குழாயைத் தொட மாட்டார்கள், வால்வு வருடம் முழுதும் திறந்திருக்கும். கடிதத்தைப் படித்து முடித்ததும் நான் சமையலறை ஸ்டூலிலேயே உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதேன். நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த அம்மிக்கல்லை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

மறுநாள் காலை எதிர்வீட்டுக்காரர் ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள, என் வீட்டுக்காரர் அதன்மேல் ஏறி, டர்பன்டைனும் பிளேடுமாக அந்தக் கொம்பின் மேல் சுழியைச் சுரண்டி எடுத்தார். புள்ளிகளையும் எடுத்துவிடலாமா என்று கேட்டார். அதெல்லாம் இருக்கட்டும், படிக்க வசதியாக இருக்கிறது என்றார் நாராயணஸ்வாமி. இறங்குவதற்கு முன் இவர் அவரை அந்த வார்த்தையை இரண்டு தடவை சத்தமாகப் படித்துக் காட்டச் சொன்னாராம், தமக்குச் சந்தேகம் இருக்கக்கூடாதென்று.

அக்டோபர் முதல் ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஜலதோஷம், ஆலயத்துக்குப் போகவில்லை. அன்றைக்கும் வேதபாடம் அவர்தான் வாசித்தார். நடுவில் ஒரு வார்த்தை தடுக்கியதாம், யாரும் திருத்தவில்லையாம். நான் அடுப்பில் சோற்றை வைத்துவிட்டு மணியைப் பார்த்தேன், அவர் வர இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. அதற்குள் வாசலில் செருப்புச் சத்தம். ஒன்பது வருடப் பழக்கம், சொம்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். வேட்டி முழங்கால் வரை நனைந்து, சட்டையின் முன்பக்கமெல்லாம் தண்ணீர் தெறித்து நின்றிருந்தார்.

"வேண்டாம் ரோசி," என்றார். "குடிச்சிட்டுத்தான் வர்றேன்."